கம்பி நடுவில் நின்றால் போதுமா?

மகள்,

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு என்னைத் துறைமுக வாசலில் மறித்து, பின்னேரம் மூன்று மணிக்கு விட்டார்கள். நீ வர்ணப் பென்சிலால் கீறி அனுப்பிய படம்தான் காரணம். அடி விழவில்லை. ஒரு கதிரையும் ஒரு தேத்தண்ணீரும் தந்தார்கள். ஆனாலும் ஐந்து மணித்தியாலம். வெளியே லொறியில் முட்டைக்கோவாவும் கீரையும் வெயிலில் வதங்கிக்கொண்டிருந்தன. நங்கூரம் போட்டிருந்த கப்பலின் சமையற்காரன் மரக்கறி கொண்டுவரும் என் லாஞ்சுப் படகு வரும் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தான். நானோ இருபது வருடமாகப் போய்வரும் வாசலில், என் பெயரையும் தகப்பன் பெயரையும் மூன்று பேருக்கு மூன்று தடவை சொல்லிக்கொண்டிருந்தேன்.

என்னுடைய பிழையை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு உன்னிடம் வருகிறேன். உன் பரீட்சகர் மேல் நீ எழுதிய முறைப்பாட்டில், படிப்புக்குப் பொறுப்பு நின்றவன் என்ற முறையில் நான் கையெழுத்து வைத்து ஃபக்ஸ் அனுப்ப வேண்டும் என்று கேட்டிருந்தாய். சாமானை ஏற்றிவிட்டுத் திரும்பும் வழியில் அனுப்பலாம் என்று, முறைப்பாட்டையும் உன் ஒன்பது பக்கக் கடிதத்தையும் படத்தையும் கப்பல் பத்திரங்கள் இருக்கும் கோப்புக்குள்ளேயே செருகிக்கொண்டு போனேன். எல்லாவற்றையும் ஒரே கோப்புக்குள் வைக்கும் பழக்கம் எனக்கு. வாசலில் கோப்பைத் திறந்து காட்டவேண்டும் என்பது அந்தக் காலையில் நினைவுக்கு வரவில்லை. வாசலில் நின்றவன் என்னைத் தெரிந்தவன்தான், என் கையால் எத்தனையோ இளநீர் குடித்தவன். கோவாக் கணக்கைப் புரட்டினான், வெங்காயக் கணக்கைப் புரட்டினான், அடுத்ததாக உன் படம். ஒரு வட்டம். மேல்பாதி நீலம், கீழ்பாதி மண்ணிறம். நடுவில் சின்னதாக ஒரு சிறகு. அதன் மேல் ஒன்றையொன்று வெட்டும் இரண்டு கோடுகள். யுத்தம் நடக்கிற ஊரில் துவக்குப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஒருவனுக்கு அது என்னவாகத் தெரியும் என்று நீ ஒரு கணம் யோசித்தாயா?

"முதலாளி, இது என்ன, குறி பார்க்கிற கண்ணாடியா?" என்றான். சிங்களத்தில்தான் கதைத்தோம், உனக்காகத் தமிழில் எழுதுகிறேன்.

"இல்லை தம்பி, என்ரை மகள் கீறினது. அவ பிளேன் ஓட்டப் படிக்கிறா."

வாயிலிருந்து வந்த பிறகுதான் விளங்கியது. இந்த ஊரில், இந்த வருடங்களில், அந்த வாசலில் நின்று ஒரு தமிழன் சொல்லக்கூடாத வசனங்களில் முதலாவது அதுதான். "வாங்க, உள்ளே இருங்க" என்றான். இளநீர் குடித்த முகம் எங்கேயோ போய்விட்டது.

எனக்குக் கோபம் வந்தது. இப்போதும் இருக்கிறது. மலேசியாவில் உன்னோடு படிக்கும் பிள்ளைகளின் தகப்பன்மார் பிள்ளை கீறிய படத்தைச் சுவரில் ஒட்டுவார்கள். நான் அதற்காக வாக்குமூலம் கொடுக்கவேண்டியிருக்கிறது. ஆனால் அந்தக் கோபத்தை எங்கே வைக்கலாம், எங்கே வைக்கக்கூடாது என்று இந்த ஊர் எனக்குப் பழக்கியிருக்கிறது. அதை மடித்து வைத்துக்கொண்டேன். உன்மேல் வந்த கோபத்தைத்தான் மடிக்க முடியவில்லை. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

வாசலுக்குப் பொறுப்பான அதிகாரி வந்தார். படத்தை மேசையில் விரித்தார். விளக்கிச் சொல் என்றார். கோவா விற்கிற நான், நீ எழுதியதை நாலு தடவை வாசித்திருந்த தைரியத்தில் விளக்கினேன். இதற்கு ஃப்ளைட் டைரக்டர் என்று பெயர் என்றேன். முகிலுக்குள் போனால் ஓட்டுபவருக்கு வெளியே ஒன்றும் தெரியாது. உயரம் ஒரு இடத்தில், வேகம் ஒரு இடத்தில், திசை ஒரு இடத்தில், சரிவு இன்னொரு இடத்தில். எல்லாவற்றையும் பார்த்து, மனதுக்குள் கூட்டிக் கழித்து, எவ்வளவு சரிக்கவேண்டும், மூக்கை எவ்வளவு தூக்கவேண்டும் என்று கணத்துக்குக் கணம் முடிவெடுக்கவேண்டும். அந்தக் கூட்டல் கழித்தலை ஒரு கணினி செய்து, விடையை மட்டும் இந்த இரண்டு கோடுகளில், அதாவது கம்பிகளில், காட்டும். நிமிர்ந்து நிற்கிற கம்பி வலப்பக்கம் போனால் வலப்பக்கம் சரி. படுத்திருக்கிற கம்பி மேலே போனால் மூக்கைத் தூக்கு. விமானத்தைக் குறிக்கும் சிறகைக் கம்பிகளின் நடுவுக்குக் கொண்டுவந்து வைத்திருந்தால், செய்யவேண்டியதைச் செய்துகொண்டிருக்கிறாய் என்று அர்த்தம். கம்பி தானாக ஓட்டாது. கை ஓட்டுபவருடையது.

அவருக்கு விளங்கவில்லை. அப்போதுதான் எனக்கு நம்முடைய லாஞ்சுக்காரன் சில்வெஸ்தரின் கை ஞாபகம் வந்தது. "ஐயா, என்ரை லாஞ்சில சாமானை ஆள் உயரத்துக்கு அடுக்கினால் பின்னுக்குச் சுக்கான் பிடிக்கிற எனக்கு முன்னுக்கு ஒண்டும் தெரியாது. இஞ்சின் சத்தத்தில கத்தினாலும் கேக்காது. முன்முனையில ஒருத்தன் நிண்டு கையைத் தூக்கி இந்தப் பக்கம், அந்தப் பக்கம் எண்டு காட்டுவான். நான் அந்தக் கையை மட்டும் பாத்து ஓட்டுவன். இந்தக் கம்பியள்தான் அந்தக் கை" என்றேன். அவர் சிரித்துவிட்டார். அவரும் அந்தக் கையைத் தினமும் பார்க்கிறவர்தான். ஆனாலும் தன் பொறுப்பில் விட முடியாது என்று, சீனன்குடா விமானப்படைத் தளத்திலிருந்து விமானம் ஓட்டும் ஒருவரை வரச்சொல்லித் தொலைபேசி எடுத்தார்.

அந்த மனிதர் ஒரு மணிக்கு வந்தார். உன்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். படத்தைப் பார்த்ததும், "இது குறியுமில்லை, மண்ணாங்கட்டியுமில்லை. எங்கட பெடியளைவிட வடிவாக் கீறியிருக்கிறா" என்றார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அதோடு எழும்பி வந்திருக்கலாம். ஆனால் தகப்பன் புத்தி. பெருமையும் ஆத்திரமும் சேர்ந்து, உனக்கு நடந்த அநியாயத்தை அவருக்குச் சொல்லத் தொடங்கிவிட்டேன். சிமுலேட்டர்ப் பரீட்சையில் கையால் ஓட்டி இறக்கச் சொன்னார்கள், என் மகள் கம்பிகளை ஒரு மயிரிழைகூட நடுவை விட்டு விலக விடவில்லை, அப்படியிருந்தும் பரீட்சகர் பாதியில் நிறுத்தித் தோல்வி என்று எழுதிவிட்டார், இனி ஒரேயொரு தடவைதான் இருக்கிறது, அதிலும் தவறினால் படிப்பே முடிந்தது, இது நியாயமா ஐயா என்று கேட்டேன். நீ எழுதிய வசனத்தையே வாசித்தும் காட்டினேன்: 'கம்பி காட்டியது, நான் போனேன்.'

அவர் சிரிக்கவில்லை. "ஐயா, அந்த நேரம் கீழே இருக்கிற சின்ன முள் எங்கே நின்றது?" என்று கேட்டார்.

"எந்த முள்?"

"ஓடுபாதைக்கு நேராக வானொலி அலையால் போட்டிருக்கிற கோட்டைக் காட்டுகிற முள். கோட்டில் இருக்கிறோமா, விலகிப் போகிறோமா என்று அதுதான் சொல்லும்."

நான் உன் படத்தைப் பார்த்தேன். வட்டம் இருந்தது, வானம் இருந்தது, மண் இருந்தது, கம்பிகள் சிவப்பில் வடிவாக இருந்தன. முள் இல்லை. நீ அதைக் கீறவேயில்லை, மகள். நீ பார்த்தவற்றை மட்டும் கீறியிருந்தாய். பரீட்சையில் எது உன் கண்ணில் பட்டது, எது படவில்லை என்பதை நீயே வர்ணமடித்துக் கையெழுத்தும் வைத்து எனக்கு அனுப்பியிருந்தாய்.

அவர் ஒரு பென்சிலை எடுத்து, நீ விட்ட இடத்தில் முள்ளைக் கீறினார், நடுவில் அல்ல, ஓரத்தில் ஒட்டியபடி. நடந்தது இதுவாகத்தான் இருக்கும் என்றார். கோட்டைப் பிடி என்று சொல்லும் பொத்தானை உங்கள் மகள் அழுத்த மறந்திருப்பா. அதற்கு முன் கொடுத்த 'இந்தத் திசையில் போ' என்ற கட்டளையே இருந்திருக்கும். கம்பிகள் பொய் சொல்லவில்லை, கேட்டதைத்தான் காட்டின. அந்தத் திசையில் மிகத் திறமாக ஓட்டி, கோட்டைக் குறுக்கே வெட்டி அந்தப் பக்கம் போயிருப்பா. "கட்டளையைச் சரியாகக் குடுத்தனானா எண்டு கம்பிக்குத் தெரியாது ஐயா. அது ஓட்டுறவருக்குத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டு, பரீட்சகர் நிறுத்துவதற்கு முன் கொஞ்சநேரம் பேசாமல் இருந்தாரா என்று கேட்டார். ஓம், அதையும் ஒரு குற்றமாக நீ முறைப்பாட்டில் எழுதியிருந்தாய்: 'எச்சரிக்காமல் மௌனமாக இருந்தார்.' அந்த மௌனம் உனக்குத் தந்த சலுகையாம். இப்போதாவது பார்ப்பாவா, இப்போதாவது பார்ப்பாவா என்று பரீட்சகர் காத்துக்கொண்டிருந்திருக்கிறார். நீ பார்க்கவில்லை.

எனக்கு முகம் எரிந்தது. பிடிபட்டவனாக ஐந்து மணித்தியாலம் இருந்ததில் வராத வெட்கம் அந்தப் பென்சில் கோட்டில் வந்தது. ஆறாம் பக்கத்தில் நீ என்ன எழுதியிருக்கிறாய்? இயந்திரத்தின் குறைக்கு மாணவியைப் பலியாக்குகிறார்கள் என்று. ஏழாம் பக்கத்தில், நான் வேறு நாட்டுப் பிள்ளை என்பதால்தான் என்று. இந்த ஊரில் அப்படி உண்மையாகவே நடக்கிறது. அன்று காலை எனக்கு நடந்தது. அதனால்தான் அந்த வசனம் என்னை இன்னும் சுட்டது. உண்மையாக நடக்கிறபோது சொல்வதற்கு வைத்திருக்கவேண்டிய சொல்லை, அழுத்த மறந்த ஒரு பொத்தானுக்கு மேல் போர்த்தப் பார்த்தாய்.

கம்பிகளை நான் குறை சொல்லவில்லை. விளங்கிக்கொள். சில்வெஸ்தரின் கை இல்லாவிட்டால் எனக்கு வியாபாரமே இல்லை. சாமானைப் பாதியாக அடுக்கி இரண்டு தரம் ஓடியிருப்பேன், எண்ணெய்ச் செலவிலேயே அழிந்திருப்பேன். கம்பிகள் இல்லாமல், மழையில், களைத்த கண்ணோடு, ஆறு இடத்தைப் பார்த்துக் கையால் ஓட்டுவது எவ்வளவு கடினம் என்று நீயே எழுதியிருக்கிறாய், நம்புகிறேன். ஆனால் ஒரு வியாபாரியின் மகளுக்கு ஒன்று விளங்கியிருக்கவேண்டும். அந்தக் கூட்டல் கழித்தலைக் கம்பி செய்து தருவதால் உன் மனதில் கொஞ்ச இடம் மிச்சமாகிறது. அந்த மிச்சம் எதற்கு? நான் எங்கே நிற்கிறேன், என்ன கட்டளை கொடுத்தேன், முள் என்ன சொல்கிறது என்று பார்ப்பதற்கு. நீ அந்த மிச்சத்தைக் கம்பியைப் பார்த்து ரசிப்பதிலேயே செலவழித்துவிட்டாய்.

இனி என்னுடைய கதை. இதை உன் அம்மாவுக்கும் முழுதாகச் சொன்னதில்லை. நீ பத்தாம் வகுப்புப் படிக்கும்போது ஒரு நாள் என் லாஞ்சுக்கு முன்னால் கடற்படைக்காரர் தண்ணீரில் சுட்டார்கள் என்று கேள்விப்பட்டிருப்பாய். சில்வெஸ்தர் பிழையான பக்கம் கை காட்டினான், அதனால் தடைசெய்த எல்லைக்குள் போய்விட்டோம் என்று வீட்டில் சொன்னேன். இறங்குதுறையிலும் அப்படித்தான் சொன்னேன், சொன்னதோடு விடாமல் எல்லோருக்கும் முன்னால் அவனைக் கண்டபாட்டுக்கு ஏசி, ஒரு கிழமை வரவேண்டாம் என்று அனுப்பினேன்.

நடந்தது வேறு. கப்பல் முதல்நாள் நின்ற இடத்தில் இல்லை, அந்த இடத்தைக் கடற்படை தடைசெய்துவிட்டதால் நங்கூரத்தைத் தூக்கி வேறு இடத்தில் போட்டிருக்கிறது என்று கப்பல் முகவரின் ஆள் காலையில் வந்து சொன்னான். என்னிடம்தான் சொன்னான். கோவா மூட்டை ஒன்று குறைகிறது என்று நான் கத்திக்கொண்டிருந்த நேரம். தலையாட்டிவிட்டு மூட்டையைத் தேடப் போனேன். சில்வெஸ்தருக்குச் சொல்லவில்லை. அவன் முதல்நாள் இடத்துக்கே கை காட்டினான். நான் சுக்கானைப் பிடித்து அந்தக் கையைப் பார்த்தபடி போனேன். எனக்குத் தெரியும், மகள். கப்பல் அங்கே இல்லை என்று எனக்குத் தெரியும். பக்கத்தில் கரை தெரிந்தது, அதைப் பார்த்திருந்தாலே திசை பிழை என்று விளங்கியிருக்கும். கை முன்னால் இருந்தது, கையின் சொல்லுக்குச் சுக்கான் சரியாக அசைந்தது, எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்ற அந்தச் சுகத்தில் தெரிந்தது எல்லாம் மறந்துபோனது. முதல் வெடி தண்ணீரைக் கிளப்பியபோதுதான் நினைவு வந்தது.

இஞ்சினை நிறுத்தி, கையைத் தூக்கி, மெல்ல மெல்லப் பின்வாங்கி வந்தோம். வந்ததும் சில்வெஸ்தர் கேட்டான்: "முதலாளி, கப்பல் இடம் மாறினது உங்களுக்குத் தெரியுமோ?" ஆட்கள் சுற்றி நின்றார்கள். "எனக்கு ஆர் சொன்னது? கை காட்டுறவன் நீயா நானா?" என்றேன். அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். கயிற்றைக் கட்டப் போனான்.

ஒரு கிழமை கழித்து வந்தான். முன்முனையில் ஏறி, கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு, "கப்பலின்ரை பேரையும் நிக்கிற இடத்தையும் சொல்லுங்கோ முதலாளி, பிறகுதான் அவிழ்ப்பன்" என்றான். சொன்னேன். அவன் அதையே சத்தமாகத் திருப்பிச் சொல்லிவிட்டுக் கயிற்றை அவிழ்த்தான். அன்றிலிருந்து இன்றுவரை அப்படித்தான். பகிடி பண்ணுகிறவர்கள் பண்ணட்டும், "என்ன, உங்கட லாஞ்சில பூசையோ?" என்று கேட்கட்டும், நாங்கள் விடவில்லை. அந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவன் நான் இல்லை. நான் பழி போட்ட அவன்தான்.

ஆகவே உன் கடிதத்தின் வசனம் எனக்குப் புதியதல்ல. 'கம்பி காட்டியது, நான் போனேன்.' உனக்கு முன்னாலேயே நான் அதைச் சொல்லிவிட்டேன், அதுவும் ஒரு மனிதன்மேல். நீ ஒரு இயந்திரத்தின்மேல் சொன்னாய், அந்தளவுக்கு என்னைவிட நல்லவள். கோபத்தோடு தொடங்கிய இந்தக் கடிதத்தில் அரைவாசிக் கோபம் எனக்கே சேரவேண்டியது என்று எழுத எழுதத்தான் தெரிகிறது. மற்ற அரைவாசி உன்னுடையது, அதில் குறைக்க மாட்டேன்.

இதுவரை எழுதி வைத்திருந்தபோதுதான், புதன்கிழமை நீ கடைக்குத் தொலைபேசி எடுத்தாய். எடுத்த எடுப்பில், "அப்பா, ஃபக்ஸ் அனுப்பினீங்களா? கம்பி நடுவிலதான் அப்பா நிண்டது" என்றாய்.

"ஓம் பிள்ளை, நிண்டது. முள் எங்கை நிண்டது?" என்றேன்.

"தெரியாது அப்பா" என்றாய். அந்த மாதத்தில் நீ எனக்குச் சொன்ன முதலாவது முழு உண்மை அது. நான் சில்வெஸ்தர் கதையைச் சொன்னேன். நீ அழுவாய் என்று நினைத்தேன். நீ என் மகள்தான், பேரம் பேசத் தொடங்கினாய்.

"சில்வெஸ்தர் மாமாட்டை இதைச் சொல்லிட்டீங்களா?"

"அவனுக்கு அது அப்பவே தெரியும்."

"அவருக்குத் தெரியுமோ எண்டு கேக்கேல்லை அப்பா. நீங்கள் சொன்னனீங்களோ?"

"இல்லை."

"எல்லாருக்கும் முன்னாலதானே ஏசினனீங்கள்? அப்ப எல்லாருக்கும் முன்னாலதான் சொல்லவேணும். நீங்கள் சொல்லுங்கோ, நான் முறைப்பாட்டைக் கிழிக்கிறன்."

எனக்கு ஆத்திரம் வந்தது. தகப்பனுக்கு நிபந்தனை போடுகிறாளே என்று தொலைபேசியை வைக்கப் போனேன். வைக்கவில்லை. நான் சொன்ன நிபந்தனைகளுக்கு நீ ஒவ்வொன்றாக "ஓம்" சொன்னாய், நீ சொன்ன ஒன்றுக்கு நான் "ஓம்" சொன்னேன். வாயால் முடித்த பேரத்தை அன்றைக்கே எழுத்தில் வைக்காவிட்டால் எனக்கு நித்திரை வராது என்று உனக்குத் தெரியும்.

வாசல்காரரோடு முடிந்தது: படம் அவர்களிடம், அந்த விமானக்காரர் அதன் பின்பக்கம் கையெழுத்து வைத்திருக்கிறார். மூன்று மாதத்துக்குத் திங்கட்கிழமைதோறும் நான் வாசலில் கையெழுத்து வைக்கவேண்டும். நீ இனி எழுத்து மட்டும் அனுப்புவாய், கோடு ஒன்றும் கீறமாட்டாய்.

உன்னோடு முடிந்தது: முறைப்பாடு இல்லை. மறுபரீட்சைக்கு முன் ஆறு மணித்தியாலம் சிமுலேட்டர், செலவு என்னுடையது. முதல் மூன்று மணித்தியாலம் கம்பிகளை அணைத்துவிட்டு, முள்ளையும் மற்றவற்றையும் பார்த்துக் கையால் ஓட்டுவாய். பிந்திய மூன்றில் கம்பிகள் உண்டு. ஆனால் பொத்தானை அழுத்தும் ஒவ்வொரு தரமும், எந்தக் கட்டளை விழுந்திருக்கிறது என்று திரையில் பார்த்து, பக்கத்தில் இருப்பவர் சிரித்தாலும் வாய்விட்டு வாசிப்பாய். திங்கட்கிழமை தொடங்குவாய்.

என்னோடு முடிந்தது: சில்வெஸ்தர் கப்பலின் பெயரைக் கேட்கும்போது, பெயரைச் சொல்வதற்கு முன், அன்றைக்குக் கப்பல் இடம் மாறியது எனக்குத் தெரியும் என்று சொல்வேன். இறங்குதுறையில், ஆட்கள் நிற்கும்போது. சனிக்கிழமை காலை ஏழு மணி. உன்னுடையதற்கு இரண்டு நாள் முன்னதாக.